கோரையாற்றுக் குடும்பம் குழு: எண்பதாம் கல்யாணமும் ஒரு புளோயரும்

ராஜி அத்தை: திருக்கடையூர் விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை வேன் என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று போடுங்கள். பெரியண்ணன் அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்ட பாடு போதும்.

பிரியா: நாங்கள் 4

சேகர் அண்ணன்: அப்பா அம்மாவோடு சேர்த்து 8

ராஜி அத்தை: மூர்த்தி?

ராஜி அத்தை: மூர்த்தி பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான்.

கார்த்தி (ஹூஸ்டன்): அத்தை, நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா, நேற்றுத் தனியாக அனுப்பிய படங்களைப் பார்த்தீர்களா? பதில் இல்லை, அதான் இங்கே கேட்கிறேன். விற்கிறவர் ஞாயிறு வரைக்கும்தான் வைத்திருப்பாராம்.

ராஜி அத்தை: யார் எதை விற்கிறார்?

பிரியா: அந்தப் பழைய பிக்கப் அத்தை. அதற்கு ஏதோ சாமான்.

கார்த்தி (ஹூஸ்டன்): 1977 செவர்லே, 454 எஞ்சின். சூப்பர்சார்ஜர் போடப் போகிறேன், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற புளோயர். கையில் 3000 டாலர். ஃபோர்டு லைட்னிங்கில் இருந்து கழற்றிய ஈட்டன் எம்112 ஒன்று 400க்கு வருகிறது. பழைய 6-71 புளோயர் ஒன்று 1800 சொல்கிறார்கள். விசிறி போலச் சுழன்று காற்றை வீசும் புது சென்ட்ரிஃபியூகல் கிட் பட்ஜெட்டைத் தாண்டுகிறது, தவணையில் எடுக்கலாம்.

அம்மா: 3000 டாலர் என்றால் எவ்வளவு

சேகர் அண்ணன்: இரண்டரை லட்சத்துக்கு மேல் சித்தி

பிரியா: அம்மா டைப் செய்துகொண்டே இருக்கிறாள். அண்ணா, ஓடிவிடு.

அம்மா: மாடி ஒழுகுகிறது என்று போன ஐப்பசியில் சொன்னேன். பார்க்கலாம் என்றாய்.

கார்த்தி (ஹூஸ்டன்): அதற்குத் தனியாக வைத்திருக்கிறேன் அம்மா

அம்மா: சரி

பிரியா: இந்தச் ‘சரி’ நல்ல சரி இல்லை

மூர்த்தி சித்தப்பா: கார்த்தி, படம் பார்த்தேன். கணக்குப் போட்டுவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். முதலில் அந்த 400 டாலரை மற. 454 என்பது கன அங்குலம், நம் கணக்கில் 7.4 லிட்டர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு வாங்கும். ஆக ஒரு சுற்றுக்கு 227. எம்112 என்ற பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது, ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலக் காற்று. எஞ்சினைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினாலும் 224தான். உன் எஞ்சின் தானே இழுத்துக்கொள்ளும் காற்றைத் தூக்கிக் கொடுப்பதற்கு ஒரு பெல்ட், ஒரு புல்லி. இரண்டரை மடங்கு சுற்றினால் 280 வரும், அப்போதும் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுதான். எஞ்சின் 5000 சுற்றில் ஓடும்போது புளோயர் 12,500 சுற்றில் ஓடும். அது கொடுப்பதில் பாதி சூடு. லைட்னிங்கில் அது உட்கார்ந்திருந்தது 5.4 லிட்டர் எஞ்சின்மேல், அங்கே அது சரி.

சேகர் அண்ணன்: சித்தப்பா, எத்தனை பேர் என்று அத்தை கேட்டார்கள்

மூர்த்தி சித்தப்பா: எஞ்சின் நூற்றுக்கு நூறு இழுக்காது என்று யாராவது சொல்வார்கள். புளோயரும் நூற்றுக்கு நூறு தள்ளாது, உள்ளேயே கொஞ்சம் திரும்பி ஒழுகும். இரண்டும் ஏறக்குறைய கழிந்துவிடும்.

ராஜி அத்தை: யாரும் சொல்லவில்லை மூர்த்தி

கார்த்தி (ஹூஸ்டன்): அப்படியானால் 6-71?

மூர்த்தி சித்தப்பா: வருகிறேன். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் 6-71. டெட்ராய்ட் டீசல். நான் துபாயில் ஜெனரேட்டர் பார்த்த காலத்தில் இதோடுதான் குப்பை கொட்டினேன். அது இரண்டு ஸ்ட்ரோக். சொந்தமாகக் காற்று இழுக்கத் தெரியாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகக் காற்றைத் தள்ளி எரிந்த புகையை வெளியேற்றினால்தான் உண்டு. புளோயர் போனால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. இரண்டாம் உலகப் போரில் கரையில் ஆள் இறக்கிய படகுகளில் இதே எஞ்சின்தான். போர் முடிந்து மலிவாகக் குவிந்தபோது ரேஸ் பையன்கள் புளோயரை மட்டும் கழற்றிப் பெட்ரோல் எஞ்சின் தலையில் வைத்தார்கள். அது ஒரு சுற்றுக்குச் சுமார் 411 கன அங்குலம் தள்ளும். உனக்கு அவ்வளவு வேண்டாம். எஞ்சின் 10 சுற்றினால் புளோயர் 8 சுற்றுகிற மாதிரி புல்லி போடு. 329 வரும். அதை 227ஆல் வகு, ஆறரை பவுண்டு பூஸ்ட். மெதுவாகச் சுற்றும், அதிகம் தேயாது.

சேகர் அண்ணன்: சுற்றுக்கு 411ஆ! கார்த்தி, அதை இங்கே அனுப்பு. வாய்க்காலில் வைக்கிறேன். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் முறை வைத்து விடுகிறார்கள், நம் மடைக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. நாற்று மஞ்சளாகிறது.

பிரியா: அது காற்றுத் தள்ளுவது அண்ணே

மூர்த்தி சித்தப்பா: சேகர் கேட்டது தப்பே இல்லை. அமெரிக்காவில் இண்டியானாவில் ரூட்ஸ் என்று இரண்டு சகோதரர்கள், கம்பளி மில் வைத்திருந்தவர்கள். மில்லுக்கு நல்ல நீர்ச்சக்கரம் செய்யப்போய்த்தான் இந்த வகைப் புளோயர் வந்தது என்பார்கள். தண்ணீருக்குச் சரிப்படவில்லை, கையால் சுற்றிப் பார்த்தால் காற்று பிய்த்துக்கொண்டு வந்ததாம். 1860இல் காப்புரிமை. கார் பிறப்பதற்கு முன்னால். முதலில் உலைக்களத்துக்கு ஊதத்தான் பயன்பட்டது.

சேகர் அண்ணன்: நான் சும்மா சொன்னேன் சித்தப்பா

சேகர் அண்ணன்: நிஜமாகவே ஒரு ஆயில் எஞ்சின் இருந்தால் போர்வெல் தண்ணீரை இரவில் விடலாம். மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூர்த்தி சித்தப்பா: இருந்ததே ஒன்று.

பிரியா: சித்தப்பா வேண்டாம்

ராஜி அத்தை: பிரியா, அவன் பேசட்டும். அந்த எஞ்சினை என் வீட்டுக்காரர் கடனாக வாங்கவில்லை. அப்பா கையால் கொடுத்தது. மூர்த்தி, இருபது வருடமாக ஜாடை பேசுகிறாய்.

மூர்த்தி சித்தப்பா: நான் யார் பெயரையும் சொல்லவில்லை அக்கா. எஞ்சின் இருந்தது என்றேன்.

அம்மா: அந்த எஞ்சின் இப்போது எங்கே

ராஜி அத்தை: வலங்கைமானில் மாட்டுக்கொட்டகையில். வேண்டுமானால் வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள் அண்ணி.

சேகர் அண்ணன்: அத்தை நிஜமாகவா? வியாழக்கிழமை டிராக்டரோடு வரவா?

ராஜி அத்தை: முதலில் வேன்

கார்த்தி (ஹூஸ்டன்): சித்தப்பா, சென்ட்ரிஃபியூகல் பற்றிச் சொல்லவே இல்லையே. இங்கே நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மூர்த்தி சித்தப்பா: அதில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் தொங்கும், பானெட்டை வெட்ட வேண்டாம், மெதுவாகப் போகும்போது எஞ்சினைத் தொந்தரவு செய்யாது. ஆனால் வேகத்தின் வர்க்கத்தில்தான் அழுத்தம் ஏறும். பாதிச் சுற்றில் கால்வாசி பூஸ்ட். உன் பிக்கப் 2000, 3000 சுற்றில் இழுக்கிற வண்டி. நீ ரோட்டில் ஓட்டுகிற நேரமெல்லாம் அது தூங்கிக்கொண்டிருக்கும், அதற்குத் தவணை வேறு. 6-71 மாதிரி ரூட்ஸ் வகை ஆக்சிலரேட்டரில் காலை வைத்த உடனே கொடுக்கும். சூடு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். கார்புரேட்டர் மேலே இருப்பதால் பெட்ரோலும் அதற்குள்ளேயே போய்க் கொஞ்சம் குளிர்விக்கும்.

பிரியா: பானெட்டை வெட்ட வேண்டுமா?

கார்த்தி (ஹூஸ்டன்): கொஞ்சம்

பிரியா: டிரைவர் முன்னால் பார்ப்பாரா

மூர்த்தி சித்தப்பா: எட்டிப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான். கார்த்தி, இனி முக்கியமானது. 1800 எதற்கு? புளோயர் மட்டுமா, அடியில் வைக்கும் மேனிஃபோல்டு, புல்லி, பெல்ட், மேலே இரண்டு கார்புரேட்டர் எல்லாம் சேர்த்தா?

கார்த்தி (ஹூஸ்டன்): புல்லியும் பெல்ட்டும் உண்டு. மேனிஃபோல்டு இல்லை. கார்புரேட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது.

மூர்த்தி சித்தப்பா: அப்படியானால் 1800 சொல்கிற ஆளிடம் 1300க்குக் கேள். பெட்ரோல் பம்பும் மாற்ற வேண்டும், பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டனில் ஓட்டைதான். டீசலில் இருந்து நேரே கழற்றியதா, பெட்ரோலுக்கென்று மறுபடி பிரித்துச் சேர்த்ததா? நேரே கழற்றியது என்றால் விடு, அதைச் சரிசெய்கிற கூலியில் உன் பட்ஜெட் போய்விடும். மேல்வாயைத் திறந்து கையால் சுற்றச் சொல், வீடியோ வேண்டும். உரசுகிற சத்தம் கேட்கக் கூடாது. ரோட்டருக்கும் கேசுக்கும் நடுவே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, விட்டு நாலு இடத்தில் அளக்கச் சொல். கேஸ் உள்சுவரில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் பேச்சே வேண்டாம். இரண்டு முனையிலும் எண்ணெய் ஈரம் இருக்கிறதா பார், சீல் போயிருக்கும்.

கார்த்தி (ஹூஸ்டன்): எஞ்சின் தாங்குமா?

மூர்த்தி சித்தப்பா: 77 டிரக் எஞ்சின் என்பதால் கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்கும் விகிதம், குறைவு, எட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அது உன் அதிர்ஷ்டம். 70இல் வந்த கார் 454களில் பத்துக்கு மேலே, அதில் இதை வைத்தால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து நாக்கிங்தான். ஆனால் உன் பிஸ்டன் வார்ப்பு, அதிகம் தாங்காது. அந்த ஆறரை பவுண்டைத் தாண்டாதே, 93 ஆக்டேன் பெட்ரோல் போடு, பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி டைமிங்கைப் பின்னால் தள்ள ஏற்பாடு செய். முதலில் நீ கம்ப்ரஷன் டெஸ்ட் எடு. ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் புளோயர் காசை எஞ்சினில் போடு.

அம்மா: இல்லையென்றால் மாடியில் போடு

சேகர் அண்ணன்: சித்தி சிக்ஸர்

கார்த்தி (ஹூஸ்டன்): விற்கிறவர் ஃபீலர் கேஜ் எல்லாம் வைத்திருப்பாரா தெரியவில்லை. சனிக்கிழமை நேரில் போகிறேன். 1500க்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

மூர்த்தி சித்தப்பா: 1300

ராஜி அத்தை: மூர்த்தி, எத்தனை பேர்? கார்த்தி, உனக்கு வேனில் இடம் போடவா, வேண்டாமா?

மூர்த்தி சித்தப்பா: 3. அல்லது 5. மாப்பிள்ளைக்கு லீவு கேட்க வேண்டும்.

கார்த்தி (ஹூஸ்டன்): போடுங்கள் அத்தை. 2

பிரியா: 2ஆ

சேகர் அண்ணன்: 2!

ராஜி அத்தை: கூட யார்?

கார்த்தி (ஹூஸ்டன்): பை அதிகம் இருக்கும், அதற்கு ஒரு சீட்

பிரியா: பைக்கு சீட்டா

அம்மா: கார்த்தி போனை எடு

அம்மா: ரிங் போகிறது, எடு

ராஜி அத்தை: அண்ணி, என்னையும் போன் காலில் சேருங்கள்

மூர்த்தி சித்தப்பா: கார்த்தி, பெல்ட் விஷயம் சொல்லவில்லை. புளோயரைச் சுற்ற கிராங்க் முனையில்தான் முழு இழுவையும் விழும். அங்கே புல்லி வழுக்காமல் பிடித்திருக்கிற ஒற்றைச் சாவியை, அந்தச் சின்ன இரும்புத் துண்டை, நம்பாதே. இரண்டு சாவிக்குக் காடி வெட்டுகிற ஆள் அந்த ஊரில் இருக்கிறாரா என்று விசாரி. கூலி எவ்வளவு என்றும் கேள், அதையும் 3000க்குள் சேர்க்க வேண்டும்.