புதுப்பிப்பு: வாசல் தேக்கு பெஞ்சின் உளுத்த கால்கள்
பெஞ்சின் கால் நுனி உளுத்துப்போனதற்கு மழைக்கு முன் யோசனை கேட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது. பெஞ்ச் ஆடாமல் நிற்கிறது!

உளுத்ததை நல்ல மரம் தெரியும்வரை அறுத்துவிட்டு, ஆசாரி தேக்கிலேயே ஒட்டுப்போட்டார். முக்கியம் கால்களின் அடிவெட்டுதான். அங்கே மர நார்களின் வாய் திறந்திருப்பதால் தரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் எப்பாக்ஸி (கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின்) பூசி, கல் துண்டுகள் மேல் நிறுத்தியிருக்கிறேன். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

துருப்பிடித்த திருகாணிகளுக்குப் பதில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போட்டாச்சு.

சிலர் சொன்ன வார்னிஷ் அடிக்கவில்லை. வெயிலில் வெடித்து உரியும், வெடிப்புக்குள் நீர் தங்கும். ஆளிவிதை எண்ணெய்தான் பூசினேன். அப்புறம், அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.