எங்கள் அப்பத்தாவுக்கு அடையாளம் தெரியாத எஸ்.என்.லட்சுமி

நடிகர்களை நேரில் சந்தித்த அனுபவத்தைப் பலரும் சொல்கிறார்கள். நான் எஸ்.என்.லட்சுமியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கூடத்துக்குப் பல முறை வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் எங்கள் அப்பத்தா அவரை வேறொரு பெண்மணி என்றே நினைத்துக்கொண்டார். ஒரு குணச்சித்திர நடிகைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது என்பது என் எண்ணம்.

முதல் அறிமுகம் 1964-இல் வந்த சர்வர் சுந்தரம். நாங்கள் அதைப் பார்த்தது பல ஆண்டுகளுக்குப் பின்பு, தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படமாகத்தான். பரிமாறும் வேலையிலிருந்து பெரிய நடிகனாக உயர்ந்துவிட்ட மகன் படப்பிடிப்பில் இருக்கும் நேரத்தில், அவன் வந்து பார்ப்பதற்குள் தாயின் உயிர் போய்விடும் கட்டத்தில் அப்பத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். படம் முடிந்ததும், "பாவம், அந்தக் கெழவி இப்ப இருக்காளோ என்னமோ" என்றார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மகனாக நடித்த நாகேஷ் பிறந்தது 1933-இல், தாயாக நடித்த லட்சுமி அவரைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். நாற்பதைத் தொடாத ஒரு பெண் தள்ளாமையை நடையிலும் குரலிலும் கொண்டுவந்திருக்கிறார் என்பது அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது சந்திப்பு, வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பார்த்த மைக்கேல் மதன காம ராஜன். 1990 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒளித்துக்கொள்ளும் பாட்டியாக வருவார். சிரிக்க வைப்பதற்காக அவர் முகத்தைக் கோணவே மாட்டார். வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "கை திருடுறது மூஞ்சிக்குத் தெரியலை பாருடா" என்று சொன்னதை, அந்த நடிப்பைப் பற்றிய மிகச் சரியான விமர்சனமாக இன்றைக்கும் கருதுகிறேன். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, சர்வர் சுந்தரத்தின் அம்மாவும் இவர்தான் என்று நான் சொன்னபோது அப்பத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற, இது அய்யரு வீட்டம்மா" என்று முடித்துவிட்டார்.

அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஊர்வசியும் கமலும் பேசும் பாலக்காட்டுத் தமிழுக்கு நடுவே அந்தப் பாட்டியும் இயல்பாகப் பொருந்திவிடுகிறார். ஆனால் லட்சுமி பிறந்தது எங்கள் ஊர்ப் பக்கத்தில், விருதுநகரை அடுத்த சென்னல்குடியில். சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, சந்திரலேகாவில் (1948) குழு நடனப் பெண்களுள் ஒருவராக ஆடி, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையில் பழகியவர். அந்தப் படத்தின் முரசு நடனக் காட்சியை இணையத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு அவர் முகத்தை ஒருநாள் முழுவதும் தேடினேன். அத்தனை பேருக்கு நடுவே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடை அனுபவம் அவருக்குக் கொடுத்தது முதன்மையாகக் காதுதான் என்று நினைக்கிறேன். எந்த வட்டாரத்துப் பேச்சையும் கேட்டு வாங்கி, அதைக் கேலியாக்காமல் திருப்பித் தரும் காது அது. வட்டார வழக்கு என்றாலே இழுத்துப் பேசுவது என்று எண்ணிக்கொள்ளும் இன்றைய நடிகர்கள் சிலரைப் பார்க்கும்போது இந்த அருமை கூடுதலாகத் தெரிகிறது.

மகாநதியில் (1994), மருமகன் சிறைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளோடு தவிக்கும் மாமியாராக வந்தார். அந்தப் படத்தை அப்பத்தா பாதியிலேயே எழுந்து போய்விட்டதால், அந்த அம்மாள் யார் என்ற விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

விருமாண்டி (2004) வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அதில் நாயகனுக்குப் பாட்டியாக, தன் சொந்தச் சீமையின் பேச்சோடு வந்தவரைப் பார்த்ததும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ நம்ம பக்கத்துப் பொம்பளைடா, பேச்சே சொல்லுது" என்றார். ஆமாம், சென்னல்குடிக்காரர்தான், திருட்டுப் பாட்டியாக நடித்தவரும் இவர்தான் என்று நான் மறுபடியும் விளக்கினேன். சென்னல்குடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்.

கடைசியாக 2011-இன் இறுதியில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய சரவணன் மீனாட்சி தொடரில் பாட்டியாக அன்றாடம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். தொலைக்காட்சித் தொடர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஒரே முகத்தை மூன்று முறை இடியோசையோடு காட்டுவதை எந்த நடிப்பும் தாங்காது. இருந்தாலும் எண்பதைத் தாண்டிய வயதில், ஒப்பனை போட்டுக்கொண்டு நாள் முழுவதும் விளக்குகளுக்கு நடுவே உட்காருவது எப்படிப்பட்ட வேலை என்பதை, கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்ளும் அப்பத்தாவைப் பார்த்து உணர்ந்தேன்.

2012 பிப்ரவரி 20 அன்று அவர் காலமானார். செய்தியை நான் சொன்னபோது அப்பத்தா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வயது என்ன என்று கேட்டார். எண்பத்தைந்து என்றேன். "என் சோட்டுக்காரிதான்" என்று சொல்லி, கையிலிருந்த தோலை ஒதுக்கிப் போட்டார். சற்று நேரம் கழித்து, அந்த அய்யர் வீட்டம்மாவாவது நன்றாக இருக்கிறாளா என்று என்னிடம் விசாரித்தார். இருக்கிறார் அப்பத்தா என்று சொன்னேன்.