வைகாசியில் 25ஆம் திருமண நாள்: பகட்டில்லாத கடற்கரைத் தங்குமிடம் எங்கே?

மதுரை_மல்லிகா

ஜூன் முதல் வாரம் எங்கள் 25ஆம் திருமண நாள். ஐந்து இரவு. அறையிலிருந்து இறங்கி நடந்தால் கடல் வேண்டும், அது குளிக்கக்கூடிய கடலாகவும் இருக்க வேண்டும். சுத்தமான படுக்கை, ஒழுங்காக ஓடும் ஏசி. கட்டிலில் ரோஜா இதழ், துண்டில் மடித்த அன்னம், டிஜே, கேக் வெட்டு எதுவும் வேண்டாம். அவருக்கு முழங்கால் வலி, படகில் தாவி ஏற முடியாது. நான் சைவம். விமானம் உட்பட ஒன்றரை லட்சத்துக்குள். அந்தமான், மாலத்தீவு, இலங்கை மூன்றில் எது?

நீல்தீவு_நேசன்

அக்கா, அந்தமான். அதிலும் ஹேவ்லாக் வேண்டாம், நீல் தீவு. இப்போதைய பெயர் ஷாஹீத் த்வீப். விசா வேண்டாம், டாலர் வேண்டாம். தீவே சிறியது, ஆட்டோவில் அரை நாளில் சுற்றிவிடலாம். பரத்பூர் கடற்கரை படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. சூரிய உதயத்துக்கு சீதாபூர், அஸ்தமனத்துக்கு லட்சுமண்பூர். பத்துப் பன்னிரண்டு குடில்களோடு தோப்புக்குள் இருக்கும் இடங்கள் நிறைய. அந்தமானுக்கே காய்கறி அனுப்பும் தீவு அது, சைவச் சாப்பாட்டுக்குக் குறையே இருக்காது. நீங்கள் கேட்கிற எளிமை அங்கே இயல்பாகவே இருக்கிறது.

பருவக்காற்று

நேசன் சொல்லும் தீவு நல்ல தீவுதான். மாதம்தான் ஒத்துவராது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமான் கடலைத் தொட்டுவிடும். ஜூன் முதல் வாரத்தில் அங்கே மழை ஊன்றியிருக்கும்.

மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கப்பல்தான் சிக்கல். நீல் தீவுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. காற்று கூடினால் கேட்டமரான் என்கிற தனியார் வேகக் கப்பல் ரத்தாகும், அந்தப் பயணிகள் எல்லாரும் அரசுக் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், கழிக்கச் சொல்கிறார்கள். போகும்போது மதியத்துக்கு மேல் இறங்கினால் அன்றைய கப்பலும் போயிருக்கும். ஐந்து இரவில் கடற்கரைக்கு மிஞ்சுவது மூன்று.

இன்னொன்று நீர் வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தமானில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். பரத்பூரிலும் ஹேவ்லாக் விஜயநகரிலும் தரை மிகவும் சாய்வு குறைந்தது. வற்றத்தில் தண்ணீர் வெகுதூரம் விலகி, பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். ஹோட்டல் படங்கள் எல்லாமே ஏற்றத்தில் எடுத்தவை. முழங்கால் வலிக்காரர் அந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது.

நீல்தீவு_நேசன்

ஜூனில் போகச் சொல்லவே இல்லை. திருமண நாளன்று மீனாட்சியம்மன் சன்னதியில் அர்ச்சனை, வீட்டில் சாப்பாடு. பயணத்தை பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். வற்றத்தைக் குறையாகச் சொல்கிறீர்கள். லட்சுமண்பூரின் இயற்கைப் பாலத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதே வற்ற நேரத்தில்தான். குளிப்பதை ஏற்றத்துக்கு வைத்துக்கொண்டால் போதும், நேர அட்டவணை முன்கூட்டியே கிடைக்கிறது.

மாலே_வழி

நாளைத் தள்ளச் சொல்வது கேள்விக்குப் பதில் ஆகாது. 25ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் வருகிறது.

மாலத்தீவு என்றதும் தண்ணீர்மேல் கட்டிய வில்லா ஞாபகம் வருவதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களை அனுமதித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஐந்தாறு அறை, வாசலில் மணல், மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடும் தெரு. மது கிடையாது, அதனால் கூச்சலும் கிடையாது. பகட்டில்லாத இடம் என்றால் இதைவிட வேறென்ன?

ஜூனுக்கு நான் சொல்வது பா அட்டோல் என்கிற பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள தரவந்தூ. தீவிலேயே விமான நிலையம் இருப்பதால் பருவமழைக் கடலில் வேகப்படகு ஏறத் தேவையில்லை, முழங்காலுக்கும் நல்லது. பக்கத்தில் ஹனிஃபாரு விரிகுடா. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே மான்டா திருக்கைகள் உணவுக்குக் கூடும். காற்றுச் சிலிண்டரோடு மூழ்கத் தடை, மேலே மிதந்தபடி பார்க்க மட்டும் அனுமதி. வழிகாட்டி கட்டாயம், ஒரு குழுவுக்கு 45 நிமிடம்.

இந்தியர்களுக்கு விசா இறங்கும் இடத்தில் இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இமுகா தளத்தில் பயணி அறிவிப்பை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் போலி.

பருவக்காற்று

விலையை முழுதாகச் சொல்லுங்கள் மாலே_வழி. இணையத்தில் 70 டாலர் என்று போட்ட அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 77. அதன்மேல் 17 சதவீத சுற்றுலா வரி, 90 ஆகிறது. பசுமை வரி தனி: 50 அறைக்குக் குறைந்த விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலர். ஆக இருவருக்கும் ஓர் இரவு 102. உள்நாட்டு விமானத்தில் வெளிநாட்டவருக்குக் கட்டணமும் கூடுதல்.

மான்டா ஜூன் முதல் வாரத்தில் தொடக்க நிலைதான், உச்சம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மிதவை நுண்ணுயிர் வந்து சேரும் நாளில்தான் அவையும் வரும். வராவிட்டால் விரிகுடா காலி. அந்த மாதம் மேற்குக் காற்று. தீவின் மேற்குக் கரையில் அலை அடிக்கும், கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்க ஒதுக்கிய பிகினி கடற்கரை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் முன்பதிவு செய்தால் காசு கடலில்தான்.

சைவத்தையும் நீங்கள் தொடவில்லை. காலைச் சாப்பாடே மாஸ் ஹுனி, சூரை மீனும் தேங்காயும் பிசைந்தது. கறி, வடை மாதிரிப் பலகாரம் எல்லாவற்றிலும் மீன். ஐந்து நாள் ரொட்டியும் முட்டையும் என்றால் சைவக்காரருக்குப் பெரும்பாடு.

மாலே_வழி

இரண்டு நாள் முன்னால் எழுதினால் பருப்பும் காய்கறியும் தனியாகச் செய்து தருவார்கள், ஐந்தறை வீட்டில் அந்தச் சலுகை உண்டு. விலைக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் தெளிவு வேறெங்கும் கிடையாது. ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, எந்த நேரமும் இறங்கலாம்.

திருமலை_தம்பி

அக்கா, ஜூன் எண்டால் யோசிக்கவே வேண்டாம், திருகோணமலைக்கு வாங்கோ. தென்மேற்குப் பருவம் இலங்கையின்ர மேற்கு, தெற்குக் கரையில மழையைக் கொட்டிப்போட்டு மலையைத் தாண்டிக் கிழக்குக்கு வரேக்க காய்ஞ்சு போயிடும். எங்கட மழை வாடைக்காலத்தில. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தெற்குக் கரையில இருக்கிற உணவட்டுன, மிரிச பக்கம் இதே மாதம் போனால் சிவப்புக் கொடிதான் பார்ப்பியள். ஒரே நாட்டில ரெண்டு கரைக்கும் ரெண்டு பருவம், இதை விளங்காமல் பதிவு செய்து ஏமாறுற ஆக்கள் நிறையப்பேர்.

உப்புவெளி டவுனில இருந்து அஞ்சாறு கிலோமீற்றர். சாப்பாட்டுக்கடை கிட்ட, இரவில கொஞ்சம் பாட்டுச் சத்தம் இருக்கும். நிலாவெளி பதினைஞ்சு கிலோமீற்றர், கரை நீளம், சனம் குறைவு. நீங்கள் கேக்கிறதுக்கு நிலாவெளிதான். மொழிப் பிரச்சினையும் இல்லை, சமையல்காரரோட நேரா தமிழில கதைக்கலாம்.

சைவம் எண்டால் ஒண்டை மறக்காதேங்கோ: சம்பலில மாசி போடுவினம். மாலைதீவுச் சூரைக் கருவாடு அது. "மாசி போடாத சம்பல்" எண்டு முதலே சொல்லுங்கோ. இடியப்பம், சொதி, பிட்டு, பருப்பு எல்லாம் கிடைக்கும். டவுனில சைவக்கடையும் இருக்கு, கோணேஸ்வரம் கோயிலுக்குப் போயிட்டு வரேக்க சாப்பிடலாம்.

பாசிக்குடா_ராஜா

தம்பி வெயிலைச் சொல்லவில்லை. ஜூனில் திருகோணமலை 35 டிகிரியைத் தாண்டும், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை கடற்கரையில் உட்கார முடியாது. நீச்சல்குளம் இல்லாத சின்ன இடத்தில் அந்த ஐந்து மணி நேரம் அறைக்குள்தான் அடைந்திருக்க வேண்டும்.

முழங்கால் வலி என்றால் அதே கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பக்கம் உள்ள பாசிக்குடா. விரிகுடா அரைவட்டம், தரை மணல், வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பெரிய ரிசார்ட் என்றால் பகட்டு என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? குளமும், நிழலும், கீழ்த்தள அறையும் இருந்தால் ஐம்பது வயதுக்காரருக்கு அது வசதி.

திருமலை_தம்பி

பாசிக்குடாக் கடல் நல்ல கடல்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் போர் முடிஞ்ச பிறகு வரிசையாக் கட்டின பெரிய ஹோட்டல்கள் அவை. உள்ள போனால் எந்த நாட்டில நிக்கிறம் எண்டே தெரியாது. இரவு பஃபே, பெருநாள் விடுமுறைக்குக் கொழும்பில இருந்து வாற கூட்டம், கலியாண வரவேற்பு. அக்கா வேண்டாம் எண்டு எழுதினது எல்லாம் அங்கதான் இருக்கு.

வெயில் உண்மை. காலமை ஆறில இருந்து ஒன்பதரை வரை கடல், பிறகு நாலரைக்கு மேல. கச்சான் கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதாலதான் கரையில அலை எழும்பாது. அதே காரணத்தால காத்தடிச்ச டியூப், மெத்தை ஒண்டும் கடலுக்குள்ள கொண்டு போகாதேங்கோ, காற்று வெளிய இழுத்துக்கொண்டு போயிடும். தண்ணி அமைதியா இருக்கெண்டு நம்பி ஆபத்தில மாட்டுறது இப்பிடித்தான்.

மதுரை_மல்லிகா

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பது தெரியும். அங்கிருந்து நிலாவெளிக்கு எப்படி? அதற்கு எதிரே பவளம் பார்க்கப் படகில் போகும் புறாத்தீவுக்கு அவரால் போக முடியுமா? பதிவு செய்யும் முன் ஹோட்டலில் என்ன கேட்க வேண்டும்?

பருவக்காற்று

இந்தக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

சொல்லும் விலை வரி உட்பட முழுத்தொகையா? "பிளஸ் பிளஸ்" என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வாட் வரியும் ஏறும், ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். கடல் "தெரியும்" அறையா, கடற்கரையை "ஒட்டிய" அறையா? மாடியிலிருந்து தென்னைக்கு நடுவே நீலக்கோடு தெரிந்தாலும் முதல் வகையில் சேர்த்துவிடுவார்கள். கீழ்த்தளமா, எத்தனை படி? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏசியை இழுக்குமா, மின்விசிறியை மட்டுமா? குளியலறைத் தண்ணீர் உப்பா? அந்த வாரம் கல்யாணமோ கம்பெனிக் கூட்டமோ பதிவாகியிருக்கிறதா?

விமர்சனங்களில் மே, ஜூன், ஜூலை தேதியிட்டவற்றை மட்டும் படியுங்கள். ஜனவரியில் ஒருவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் கிழக்குக் கரையில் ஜூனுக்கு எதையும் சொல்லாது, அவர் எழுதிய ஒரு நட்சத்திரமும் அப்படித்தான். ஹோட்டல் போட்ட படங்களை விட்டுவிட்டு விருந்தினர் எடுத்தவற்றில் குளியலறையையும் கடற்கரைக் குப்பையையும் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே சாலை குறுக்கிடுகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

திருமண நாள் என்பதைச் சொல்லாதீர்கள். சொன்னால் இதழும் அன்னமும் தாமாகவே வந்துவிடும்.

பாசிக்குடா_ராஜா

அதில் மட்டும் மாறுபடுகிறேன். சொல்லுங்கள், கூடவே "அலங்காரம் வேண்டாம், ஓர் இரவு மணலில் இருவருக்கு மேசை போட்டால் போதும்" என்று எழுதுங்கள். பத்தறை இடத்தில் உரிமையாளரே சமையலைக் கவனிப்பார். மறைத்தால் அவருக்கு நல்லது செய்யவும் வழியில்லாமல் போகும்.

திருமலை_தம்பி

ராஜா அண்ணை சொல்லுறது சரி. சொல்லிப்போட்டு வாங்கோ.

கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரண வழியா கார் அஞ்சரை, ஆறு மணித்தியாலம். பின்னேரம் இறங்கிற விமானம் எண்டால் அண்டைக்கே வெளிக்கிடாதேங்கோ. ஹபரண தாண்டிக் கந்தளாய் வரைக்கும் இரவில யானை றோட்டைக் கடக்கும். தம்புள்ளையில ஒரு இரவு நிண்டிட்டு காலமை வாங்கோ, அண்ணையின்ர முழங்காலுக்கும் ஆறு மணித்தியாலம் ஒரேயடியா மடக்கி இருக்கிறது கூடாது. பொசன் போயா எண்ட பௌத்தத் திருநாள் வழக்கமா ஜூன் பௌர்ணமிக்கு வரும். அந்த நாளை ஒட்டி அநுராதபுரம், மிகிந்தலைப் பக்கம் றோட்டும் அறையும் நிரம்பிடும், கலண்டரைப் பாத்துத் திகதியைப் போடுங்கோ.

புறாத்தீவு நிலாவெளிக்கு முன்னால ஒரு கிலோமீற்றர் அளவுதான். 2003இல் தேசியப் பூங்காவா ஆக்கினது. ஆனால் படகு மணலில இருந்துதான் வெளிக்கிடும், தண்ணிக்குள்ள நிண்டு விளிம்பால ஏற வேணும். தீவுக் கரையிலயும் பவளக்கல்லு. அண்ணைக்கு அது வேண்டாம். நீங்கள் மட்டும் போறதெண்டால் பூங்காக் கவுண்டர் திறந்த உடன முதல் படகு, ஒன்பது மணிக்குப் பிறகு கூட்டம். பவளத்தில மிதிக்காதேங்கோ, மிதிச்சு மிதிச்சும் அது அழியுது.

மாலே_வழி

தம்புள்ளையில் ஒன்று, திரும்பும்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று கழித்தால் உங்களுக்கும் கடற்கரையில் மூன்று இரவுதான் மிஞ்சுகிறது. அந்தமானுக்குச் சொன்ன அதே குறை.

பருவக்காற்று

திரும்பும் விமானம் மாலையில் என்றால் நிலாவெளியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும், கடைசி இரவு மிச்சமாகும். காலை விமானம் என்றால் மாலே_வழி சொல்வதுதான் சரி. மல்லிகா அக்கா, அறையைத் தேடும் முன் விமான நேரத்தைப் பாருங்கள்.