கார்புரேட்டருக்குள் நட்டு விழுந்துவிட்டது: ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பழைய800

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1997ஆம் ஆண்டின் மாருதி 800 கார் இருக்கிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய வகை. அப்பா வாங்கிய வண்டி என்பதால் ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை வீட்டு வாசலில் வைத்து நானே செய்துகொள்கிறேன். இன்று காலை வண்டியை நிழலுக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வதற்காக அதன் கூட்டைக் கழற்றினேன். கூட்டைத் தூக்கியபோது, அதன் மேல் கழற்றி வைத்திருந்த 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சிறு நட்டு ஒன்று உருண்டு விழுந்தது. ஒரே ஒரு முறை உலோகத்தில் பட்ட ஒலி கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

தரையிலும், எஞ்சின் தாங்கிகளின் இடுக்குகளிலும், பேட்டரித் தட்டின் அடியிலும் ஒரு மணி நேரம் தேடியும் நட்டு கிடைக்கவில்லை. கார்புரேட்டரின் வாயில் மேலே இருந்த தட்டை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டியிருக்கும் நெம்பைக் கையால் ஒரு முறை திருப்பி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கும் எதுவும் தெரியவில்லை. அப்படித் திருப்பியதாலேயே நட்டைக் கீழே இறக்கிவிட்டேனோ என்று இப்போது அஞ்சுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன், "ஸ்டார்ட் செய்துவிடு தம்பி, உள்ளே இருந்தால் சைலன்சர் வழியாக வந்துவிடும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பட்டறை ஆசிரியர்

தம்பி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் வேறு யாராவது சாவியைத் திருப்பிவிடக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு எஞ்சின் பிரித்துக் காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், "சைலன்சர் வழியாக வந்துவிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் நட்டு ஏறக்குறைய 5 மி.மீ. கனம் உடையது. சிறிய எஞ்சின்களில்கூட உறிஞ்சு வால்வு முழுதாகத் திறக்கும்போது பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இறங்கும். ஆகவே நட்டு படுத்த வாக்கில் உள்ளே நுழைந்துவிட வாய்ப்பு உண்டு. நுழைந்த பின், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையே இருப்பது 1 மி.மீ. அளவிலான இடைவெளிதான். சில சுற்றுகளிலேயே பிஸ்டனின் தலை குழி விழும், பிளக்கின் முனை நசுங்கும், வால்வு வளையவும் கூடும். வால்வு வந்து அமரும் வளையத்தில் நட்டு சிக்கிக்கொண்டால் அந்தச் சிலிண்டர் அழுத்தமே பிடிக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மேலே இருந்த தட்டை விரலால் தள்ளிப் பிடித்ததாகச் சொல்கிறீர்கள். அது சோக் தட்டு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைப்பது. வண்டியை நகர்த்துவதற்காகச் சோக்கை இழுத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நட்டு விழுந்த நேரத்தில் காற்று இறங்கும் முதல் குழாய் மூடியிருந்தது, நட்டு அதற்குள் போயிருக்காது. உங்கள் கார்புரேட்டரில் இரண்டு குழாய்கள் உண்டு. சோக் தட்டு முதல் குழாய்க்கு மட்டுமே உரியது. இரண்டாவதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டாவது குழாயின் அடியில் உள்ள பட்டர்ஃபிளை (காற்றின் வழியைத் திறந்து மூடும் சுழல் தட்டு), எஞ்சின் வேகமாக ஓடும்போது உறிஞ்சு விசையால் திறக்கும் வகையாக இருந்தால், நீங்கள் கையால் நெம்பைத் திருப்பியதில் அது அசைந்தே இருக்காது. எனவே அந்தக் குழாயைப் பார்த்தீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். இனி நெம்பைத் தொட வேண்டாம், வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளவும் வேண்டாம்.

பதில்: ஞாயிறு மெக்கானிக்

எனக்கும் இதே போல நேர்ந்தது, ஆனால் என் வண்டியில் பிளக்குகள் ஆழமான குழிக்குள் இருக்கும். பிளக்கைத் தளர்த்துவதற்கு முன்பே ஒரு சிறு வாஷர் குழிக்குள் விழுந்துவிட்டது. பிளக் இன்னும் முறுக்கியபடியே இருந்ததால் வாஷர் குழியின் அடியிலேயே நின்றது. பிளக்கைக் கழற்றியிருந்தால் நேராகச் சிலிண்டருக்குள் போயிருக்கும். அது பித்தளை வாஷர் என்பதால் காந்தம் பிடிக்கவில்லை. வேக்வம் கிளீனரின் வாயில் மெல்லிய ரப்பர்க் குழாயை டேப் சுற்றி ஒட்டி, குழாயின் நுனியில் துணி வலை கட்டி உறிஞ்சினேன். ஒரே முயற்சியில் வந்துவிட்டது. நீங்களும் அதையே முயன்று பார்க்கலாம்.

பதில்: பட்டறை ஆசிரியர்

நண்பர் தம் பிளக் குழியில் செய்தது சரியான வேலை. ஆனால் கார்புரேட்டரில் வேக்வம் கிளீனரை வைக்கவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மிதவை அறையில் பெட்ரோல் நிற்கிறது. அதன் ஆவியை இழுக்கும் கிளீனரின் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் தீப்பொறி விட்டுக்கொண்டே இருக்கும். தீப்பிடிப்பதற்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. கம்ப்ரஸர் காற்றையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பட்டர்ஃபிளையின் மேல் நிற்கும் பொருளை அது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் மேனிஃபோல்டுக்குள் தள்ளிவிடக்கூடும்.

உங்களுடையது இரும்பு நட்டு என்பதால், இழுத்து நீட்டும் காந்தக் குச்சியே போதும். கார்புரேட்டரின் உடலும் மேனிஃபோல்டும் இரும்பு அல்லாத உலோகங்கள் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் பட்டர்ஃபிளையின் தண்டும் அதன் சிறு திருகாணிகளும் காந்தத்தை இழுக்கும். குச்சியின் பக்கவாட்டில் நட்டு ஒட்டிக்கொண்டு, மேலே வரும்போது விளிம்பில் இடறி மீண்டும் விழுவதும் வழக்கம். இளநீர் குடிக்கும் தடித்த உறிஞ்சுகுழல் ஒன்றை வெட்டிக் காந்தத் தலையின் மேல் செருகி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் இணைக்கும் மெல்லிய போரோஸ்கோப் கேமரா யாரிடமாவது கிடைத்தால் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு குச்சியை இறக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துழாவுவது பொருளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

இரண்டாவது குழாயிலும் இல்லையென்றால் கார்புரேட்டரையே கழற்றி, மேனிஃபோல்டின் வாயில் கேமராவை விட வேண்டும். அங்கும் இல்லையென்றால் மூன்று பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் அவசரத்தில் தாண்டிவிட வேண்டாம்.

பழைய800

ஐயா, நீங்கள் கணித்தபடியே சோக் பட்டன் வெளியே இழுத்த நிலையில்தான் இருந்தது. இரண்டாவது குழாயை நான் பார்க்கவே இல்லை. முதல் குழாய் மட்டுமே உள்ளே போகும் வழி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உதிரி பாகக் கடையில் காந்தக் குச்சி வாங்கி வந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, மூடிய பட்டர்ஃபிளையின் ஓரத்தில், குழாயின் சுவரில் சாய்ந்தபடி நட்டு நின்றது. முதல் முறை தண்டில் காந்தம் ஒட்டிக்கொண்டது; குழல் செருகிய பிறகு இரண்டாம் முறையில் நட்டு மேலே வந்துவிட்டது. கை நடுங்கிவிட்டது, ஐயா. இப்போது ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: பட்டறை ஆசிரியர்

மிக்க மகிழ்ச்சி. ஆனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு கணக்கு மீதம் இருக்கிறது. அந்த நட்டோடு ஸ்பிரிங் வாஷரும் இருந்திருக்கும். கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் ஒரு தட்டில் வைத்து, அவை இருந்த இடங்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நட்டு நின்ற இடத்தில் வாஷர் நிற்காது. பட்டர்ஃபிளை சற்றே திறந்தாலும் மெல்லிய பொருள் எளிதாக நழுவிவிடும்.

பழைய800

எண்ணிப் பார்த்தேன், ஒரு வாஷர் குறைந்தது. மறுபடி இரண்டு குழாய்களிலும் பார்த்தேன், இல்லை. கடைசியில் ஏர் ஃபில்டர் கூட்டைத் திருப்பியபோது, அடிப்பக்கத்து ரப்பர் வளையத்தின் எண்ணெய்ப் பிசுக்கில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, கார்புரேட்டரின் வாயில் துணியை அடைத்துக்கொண்டு கூட்டை அருகில் கொண்டுவந்தேன். பொருத்துவதற்குச் சற்று முன் துணியை எடுத்துவிட்டு, ஸ்பேனருக்குள் சிறிது கிரீஸ் தடவி நட்டைப் பிடித்து முறுக்கினேன். பேட்டரிக் கம்பியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டேன். தட்டும் ஒலி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அந்த 1 மி.மீ. இடைவெளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.