2014 புத்தகமும் 2024 புத்தகமும் ஒரே மேசையில்: பாலடின் ஸ்மைட்டில் ஆட்டம் நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

முகப்பு டிஎம் (காரைக்குடி):

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முகப்பில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். டிஎம் (கதையை நடத்துபவர்) நான். பாலடின் (புனித வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), கிளெரிக் (பூசாரி), விஸார்டு (மந்திரவாதி) என்று நான்கு பேர், எல்லாரும் லெவல் 5. கதை நானே எழுதியது. கொண்டு விற்கப் போன கப்பல் ஒன்று திரும்பவில்லை, அதைத் தேடிப் போகிறார்கள்.

இதுவரை 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை (ஆடுபவர்களுக்கான விதிப் புத்தகம்) வைத்துத்தான் ஆடினோம். ரோக் ஆடும் என் அண்ணன் மகன் சிங்கப்பூரில் படிப்பு முடித்துத் திரும்பியபோது 2024 புத்தகத்தை வாங்கி வந்தான். அன்றிலிருந்து இரண்டு புத்தகமும் மேசையில் கிடக்கின்றன. போன வாரம் எதிரிக் கப்பலின் மேல்தளத்தில் சண்டை. பாலடின் ஒரே டர்னில் இரண்டு முறை வெட்டி, இரண்டுக்கும் டிவைன் ஸ்மைட் (தெய்வ சக்தியால் வரும் கூடுதல் சேதம்) போட்டாள். "புதுப் புத்தகத்தில் ஒரு டர்னுக்கு ஒன்றுதான், அத்தை" என்றான் இவன். "நான் இந்தக் கேரக்டரை எடுத்ததே இதற்காகத்தான்" என்றாள் அவள். எதிர்வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் படிக்கிறாள், முதல் நாளிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் வருபவள். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

யார் பக்கம் சரி என்று கேட்கவில்லை. இரண்டு பதிப்பையும் கலந்து ஆட முடியுமா? முடியுமென்றால் எங்கே கலக்கலாம், எங்கே கூடாது? பதுங்கித் தாக்கும் காட்சிகள் என் கதையில் நிறைய வரும். சர்ப்ரைஸ் (அசந்திருக்கும்போது தாக்கப்படுவது) விதியும் மாறிவிட்டது என்கிறான். அதையும் விளக்கினால் நல்லது.

தேவகோட்டைப் பகடை:

கலக்கலாம். ஆனால் ஒரு கேரக்டருக்குள் கலக்காதீர்கள். ஒரு கிளாஸை (பாலடின், ரோக் போன்ற கேரக்டர் வகை) எடுத்தால் அதை முழுதாக ஒரே புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும். பழைய பாலடினுக்குப் புது ஸ்மைட்டை மட்டும் ஒட்டினால் அந்தப் பிள்ளைக்கு நட்டம்தான், அவள் கோபம் நியாயம். அந்த நட்டத்துக்கு ஈடாக புதுப் புத்தகம் வேறு சிலவற்றைக் கொடுத்திருக்கிறது, அவை அவளுக்குக் கிடைக்காமல் போகும்.

என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். 2014-இல் ஸ்மைட் ஒரு கிளாஸ் ஃபீச்சர். கைகலப்பு ஆயுதத்தால் அடி விழுந்தால் ஒரு ஸ்லாட்டை (மந்திரத்துக்கு நாளுக்கு இத்தனை என்று இருக்கும் வாய்ப்பு) செலவழித்து 2டி8 (எட்டு முகப் பகடை இரண்டு) கூடுதல் சேதம் தரலாம். ஆக்‌ஷன் எதுவும் தேவையில்லை, எத்தனை அடி விழுகிறதோ அத்தனை ஸ்மைட் போடலாம். 2024-இல் அது ஒரு ஸ்பெல் (மந்திரம்). அடி விழுந்தவுடன், முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் போட வேண்டும். போனஸ் ஆக்‌ஷன் டர்னுக்கு ஒன்று என்பதால் ஸ்மைட்டும் ஒன்று. ஸ்பெல் ஆகிவிட்டதால் எதிரி விஸார்டு கவுன்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்கவும் பார்க்கலாம்.

கணக்குப் போட்டுக் காட்டினால் அவள் மனம் கொஞ்சம் ஆறும். லெவல் 5 பாலடினுக்கு முதல் லெவல் ஸ்லாட் 4 (ஒவ்வொன்றும் 2டி8), இரண்டாம் லெவல் ஸ்லாட் 2 (ஒவ்வொன்றும் 3டி8). எல்லாவற்றையும் ஸ்மைட்டுக்கே செலவழித்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 14டி8. இது இரண்டு புத்தகத்திலும் ஒன்றுதான். புதுப் புத்தகம் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) ஒரு ஸ்மைட்டை ஸ்லாட் இல்லாமலே தருகிறது, ஆக 16டி8. அதாவது நாள் கணக்கில் கூடியிருக்கிறது. டர்ன் கணக்கில்தான் குறைவு: முன்பு இரண்டு இரண்டாம் லெவல் ஸ்லாட்டை ஒரே மூச்சில் கொட்டி 6டி8, சராசரி 27. இப்போது 3டி8, சராசரி 13.5. அடி விழுந்த பிறகு முடிவு செய்யலாம் என்பது மாறவில்லை, அதனால் கிரிட்டிக்கல் (சேதப் பகடைகள் இரட்டிக்கும் அடி) விழும்வரை காத்திருந்து போடும் வழக்கமும் அப்படியே இருக்கும்.

லே ஆன் ஹேண்ட்ஸ் (தொட்டுக் காயம் ஆற்றுவது) முன்பு ஒரு முழு ஆக்‌ஷனை விழுங்கும், இப்போது போனஸ் ஆக்‌ஷன். அடித்துக்கொண்டே தோழனைக் காப்பாற்றலாம். எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது, பாலடின் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்! அதோடு வெபன் மாஸ்டரி (ஆயுதத்தின் தனித் திறனைப் பயன்படுத்துவது) இரண்டு ஆயுதங்களுக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: ஸ்மைட், லே ஆன் ஹேண்ட்ஸ், போஷன் (காயமாற்றும் மருந்து) குடிப்பது மூன்றும் இப்போது போனஸ் ஆக்‌ஷன்தான், ஒரு டர்னில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஈப்போவிலிருந்து ஒரு கொத்தமங்கலத்தான்:

2003-இல் மூன்றாம் பதிப்புக்கு 3.5 வந்தபோதும் இதே பிரச்சினைதான். 2000-இல் வந்த புத்தகத்தை வாங்கி மூன்றே வருடம், அதற்குள் இன்னொன்று. இரண்டையும் ஒரே சண்டையில் வைத்து ஆடிய குழுக்கள் பெரும்பாலும் மனக்கசப்பில்தான் முடிந்தன.

எங்கள் ஆயா வீட்டில் தாயம் ஆடும்போது, வெட்டு வாங்காத காய் உள்ளே ஏறக் கூடாது. அடுத்த தெருவில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விருந்தாளி வந்தால் காய் வைக்கும் முன்பே "நம்ம வீட்டு ஆட்டம் இப்படி" என்று சொல்லிவிடுவார்கள். பாதி ஆட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மேல்தளச் சண்டையைப் பழைய விதியிலேயே முடியுங்கள், அவள் போட்ட இரண்டு ஸ்மைட்டும் செல்லட்டும். கப்பல் துறைமுகம் சேர்ந்து எல்லாரும் லாங் ரெஸ்ட் எடுத்த பிறகு மாற்றத்தை அறிவியுங்கள்.

மாற்றி எழுதும்போது ஸ்கோர்களை (வலிமை, அறிவு போன்றவற்றின் எண்கள்) தொட வேண்டாம். 2024-இல் ஸ்கோர் ஏற்றம் ஸ்பீஷீஸிலிருந்து (கேரக்டரின் இனம்) பேக்ரவுண்டுக்கு (கேரக்டரின் பின்னணி) போய்விட்டது, ஆனால் ஏற்கெனவே எழுதிய எண்களைக் கலைக்கக் காரணமில்லை. பேக்ரவுண்டோடு வரும் ஒரிஜின் ஃபீட் (தொடக்கத்தில் கிடைக்கும் சிறப்புத் திறன்) ஒன்றை மட்டும் நால்வருக்கும் கொடுத்துவிடுங்கள். அப்போது புதுப் பதிப்பு எதையோ பிடுங்கிக்கொண்டதாக யாருக்கும் தோன்றாது.

கானாடுகாத்தான் கிளெரிக்:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நடுக்கதையில் ஏன் மாற வேண்டும்? கதை முடியும்வரை 2014-லேயே இருந்துகொண்டு, புதுசிலிருந்து யாரையும் நோகடிக்காத இரண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போஷனைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம். இதைப் பல மேசைகளில் 2024-க்கு முன்பே வீட்டு விதியாக வைத்திருந்தார்கள். அப்புறம் க்யூர் வூண்ட்ஸ் (காயமாற்றும் ஸ்பெல்): 1டி8 ஆக இருந்தது 2டி8 ஆகியிருக்கிறது. கிளெரிக் ஆடுகிறவர்களைக் கேளுங்கள், எத்தனை வருட ஏக்கம் அது!

சர்ப்ரைஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய விதியில் அசந்திருப்பவருக்கு முதல் டர்ன் போனது போனதுதான்: நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது, அந்த டர்ன் முடியும்வரை ரியாக்‌ஷனும் இல்லை. புதிதில் இனிஷியேட்டிவை (யார் முதலில் ஆடுவது என்பதற்கான உருட்டல்) டிஸ்அட்வான்டேஜில் உருட்டுவார், அதாவது இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுப்பார், அவ்வளவுதான். பிந்தி ஆடுவாரே தவிர, அவர் டர்ன் அவருக்கு உண்டு.

பதுங்கல் நிறைய வரும் கதை என்றால் இந்த ஒரு விதி கதையின் போக்கையே மாற்றும். உங்கள் நால்வர் இரவில் கொள்ளையர் முகாமுக்குள் நுழைகிறார்கள் என்றால், பழைய விதியில் காவலாளிகள் வாய் திறக்கும் முன் பாதிச் சண்டை முடிந்துவிடும். புதிதில் ஒரு காவலாளி நன்றாக உருட்டிவிட்டால் முதல் ஆளாகக் கூச்சல் போட்டுவிடுவான். அதே சமயம் கொள்ளையர்கள் உங்கள் ஆட்கள் மீது பாயும்போது நால்வரும் ஒரு சுற்று முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலை ஆசையாக வந்த பிள்ளை தன் முறையே வராமல் காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் இந்த விதியில் மட்டும் புதுப் புத்தகத்தின் பக்கம்தான் நான்.

பள்ளத்தூர்க்காரன்:

புத்தகம் ஒருவரிடம்தான் இருக்கிறது என்றால் வாக்குவாதம் வரும்போதெல்லாம் அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்றாகிவிடும். அது நல்லதல்ல. 2025 ஏப்ரலில் ஆட்டத்தின் பதிப்பாளர்களே எஸ்ஆர்டி 5.2 என்ற விதி ஆவணத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டார்கள். 2024 விதிகளின் அடிப்படை அத்தனையும் அதில் இருக்கிறது. கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு) உண்டு, ஆனாலும் விதிச் சண்டையைத் தீர்க்க அது போதும். பக்கங்களை அச்செடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். முதலில் ரூல்ஸ் குளோசரியை (விதிச் சொற்களின் விளக்கப் பகுதி) எடுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

முகப்பு டிஎம் (காரைக்குடி):

எல்லாருக்கும் நன்றி. தேவகோட்டைக்காரர் போட்ட கணக்கை அவளிடம் காட்டினேன். 16டி8 என்றதும் தாளை வாங்கித் தானே ஒரு முறை கூட்டிப் பார்த்தாள். லே ஆன் ஹேண்ட்ஸ் விஷயம் அவளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. மேல்தளச் சண்டையைப் பழைய விதியில் முடிக்கிறோம், துறைமுகத்திலிருந்து நால்வரும் 2024. கானாடுகாத்தான் கிளெரிக் சொன்னதையும் யோசித்தேன், ஆனால் கதை இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

இன்னொரு சந்தேகம். இனிமேல் வரும் சண்டைகளை எல்லாம் 2014 முறையில் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு, ஒரு குகையில் 4 ஓகர்கள் (பெரிய அரக்கர்கள்). அதை அப்படியே விடலாமா?

தேவகோட்டைப் பகடை:

கேட்டது நல்லதாகப் போயிற்று, பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. ஓகர் ஒன்றுக்கு 450 எக்ஸ்பி (வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி), நாலுக்கு 1,800. பழைய டிஎம் கையேட்டில் எதிரிகள் 3 முதல் 6 வரை இருந்தால் எக்ஸ்பியை இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 3,600. லெவல் 5 ஆட்கள் நால்வருக்கு ஹார்டு (கடினம்) எல்லை 3,000, டெட்லி (உயிராபத்து) எல்லை 4,400. உங்கள் குகைச் சண்டை ஹார்டு.

2024 நவம்பரில் வந்த புதுக் கையேட்டில் அந்தப் பெருக்கல் கிடையாது. லோ, மாடரேட், ஹை என்று மூன்றே நிலை. லெவல் 5-இல் தலைக்கு 500, 750, 1,100, அதாவது நால்வருக்கு 2,000, 3,000, 4,400. உங்கள் 1,800 லோ நிலையைக்கூட எட்டவில்லை. ஒரே குகை, அதே ஓகர்கள், ஒரு புத்தகம் கடினம் என்கிறது, மற்றது லேசு என்கிறது. அதனால்தான் புதுக் கேரக்டரும் புதுக் கணக்கும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். இன்னும் 2 ஓகர் சேர்த்தால் 2,700, மாடரேட்டுக்கு அருகில் வரும். ஆனால் ஒருவருக்கு இரண்டு எதிரி என்ற அளவைத் தாண்டினால், கூடுதலாக வருபவர்கள் சட்டென்று விழக்கூடிய நோஞ்சான்களாக இருக்கட்டும்.

2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் மேனுவல் கிடைத்தால் ஓநாய்ப் பக்கத்தைப் பாருங்கள். பழைய ஓநாய் கடித்தால் ஸ்ட்ரெங்த் சேவ் (வலிமையால் தாங்கும் உருட்டல்) போட்டு விழாமல் தப்பிக்கலாம். புதியது கடித்தாலே கீழே விழ வேண்டியதுதான். கூட்டமாக ஓநாய் விடுவதாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுப் பாலடின்:

ஆச்சி (எங்கள் டிஎம்) சொல்லி இங்கே வந்து எல்லாம் படித்தேன். மாஸ்டரிக்கு லாங்ஸ்வோர்டும் வார்ஹாமரும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். லாங்ஸ்வோர்டு அடி வாங்கியவனின் அடுத்த தாக்குதல் டிஸ்அட்வான்டேஜ், வார்ஹாமர் ஆளைப் பின்னால் தள்ளும், கப்பல் மேல்தளத்தில் அது ரொம்ப உதவும். பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்ற முடியுமா, இல்லை கடைசிவரை இதுதானா?

தேவகோட்டைப் பகடை:

மாற்றலாம் தங்கச்சி. ஒவ்வொரு லாங் ரெஸ்ட் முடிந்ததும் வேறு ஆயுத வகையைத் தேர்ந்தெடுக்கலாம், புத்தகத்திலேயே இருக்கிறது. உனக்கு அந்த ஆயுதத்தில் புரொஃபிஷியன்சி (பயிற்சி) இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. குகைக்குப் போகும் முந்தின இரவு வார்ஹாமரை விட்டுவிட்டு பேட்டில்ஆக்ஸ் எடுத்துப் பார். எதிரி சேவில் தவறினால் அது ஆளைக் கீழே சாய்க்கும். ஓகர் கீழே கிடந்தால், பக்கத்தில் நிற்கும் உங்கள் ரோக்குக்கு அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிக் கூடியதை எடுப்பது), ஸ்னீக் அட்டாக்கும் (ரோக்கின் கூடுதல் சேதம்) கிடைக்கும்.