மான் சினை பிடிக்காததற்கு ரத்தம்தான் காரணமா?

தக்கலை ஜெகன்:
போன ஞாயிறு பிள்ளைகளை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். வேலியோரம் நின்று மானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நியூசிலாந்திலிருந்து அத்தை மகன் வீடியோ காலில் வந்தான். அவனுக்கு அங்கே மான் பண்ணையில் வேலை. நாம் ஆடு வளர்ப்பதுபோல அங்கே செம்மான் வளர்க்கிறார்கள், கறிக்கும் கொம்புக்கும். இந்த வருஷம் முதல்முறையாக ஆண்மானோடு விட்ட 60 இளம் பெண்மானில் 22 ஸ்கேனில் காலியாம். "ரத்தம் கெட்டுப்போச்சு, வேற பெரிய ஆண்மான் வாங்கணும்" என்கிறாராம் முதலாளி.

என் கட்சியும் அதுதான். என்னிடம் மலபாரி ஆடு 14 இருக்கிறது. நாலு வருஷமாக ஒரே கிடா. இப்போது அவன் மகள்களே அவனோடுதான் சேர்கிறார்கள். மூன்று பெட்டைக்குச் சினை நிற்கவே இல்லை. சொந்தத்துக்குள் சேர்ந்தால் மலடு, அவ்வளவுதானே?

ஊசிக்கார அண்ணாச்சி:
தம்பி, நான் கால்நடைத் துறையில் 31 வருஷம் சினை ஊசி போட்டு ஓய்வு பெற்றவன். தீவனம் போடாதவன் எவனும் "தீவனம் போடல" என்று சொல்லிக் கேட்டதில்லை. "ரத்தம் சரியில்ல சார்" என்றுதான் சொல்வான்.

செம்மான் முதல்முறை சேரும்போது வயது 16 மாதம்தான். வளர்ந்த பெண்மான் எடையில் சுமார் 70 சதவீதம் தேறியிருந்தால்தான் பருவத்துக்கு வரும். அங்கே இணைசேரும் காலம் மார்ச், ஏப்ரல். பருவத்துக்கு வந்த மான் சினை பிடிக்காவிட்டால் 18 நாளுக்கு ஒருமுறை மறுபடி பருவத்துக்கு வரும். எடை தேறாத மான் அந்த வருஷம் வரவே வராது. அதுபோக பூனை எச்சம் கலந்த தீவனத்திலிருந்து டாக்சோபிளாஸ்மா என்கிற கிருமி வரும், பிடித்த சினையையே கலைத்துவிடும். இதையெல்லாம் பார்த்தபிறகு ரத்தத்தைப் பேசலாம்.

இன்னொன்று. நியூசிலாந்துக் காட்டுச் செம்மான் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு முதல் பிரிட்டனிலிருந்து கப்பலில் போன கொஞ்ச மானின் வாரிசு. 1930களில் அரசாங்கமே ஆள் வைத்துச் சுடுகிற அளவுக்குப் பெருகியது. சொந்தத்துக்குள் சேர்ந்து மலடாகியிருந்தால் சுடுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நாகர்கோவில் நந்தினி:
அண்ணாச்சி எடையை ஒரு பக்கமும் ஜீனை மறுபக்கமும் நிறுத்துகிறார். எத்தனை கிலோவில் பருவம் வர வேண்டும் என்பதை முடிவு செய்வதே பெரும்பாலும் ஜீன்தான்.

கறி கூட வேண்டும் என்பதற்காக அங்கே பல பண்ணைகளில் வாப்பிட்டி என்கிற வட அமெரிக்கப் பெரிய மானோடு செம்மானைக் கலக்கிறார்கள். கலப்பில் பிறந்த பெண்மான் வளர்ந்தால் பெரிசு, ஆனால் பருவம் தாமதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய் 100 கிலோ என்றால் மகளுக்கு 70 போதும். 140 கிலோ ஆகிற இனத்துக்கு 98 வேண்டும். புல் அதேதான், மாதமும் அதேதான். 80 கிலோவில் நிற்கிற குட்டி ஒரு இனத்தில் தாயாகும், இன்னொரு இனத்தில் காலியாக நிற்கும். இதை மலடு என்று சொல்ல முடியாது, அடுத்த வருஷம் சினை பிடித்துவிடும். முதலாளி இன்னும் பெரிய ஆண்மானை வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள் ஜெகன்.

இனக்கலப்பில் உண்மையான மலடும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற கேளையாடு என்கிற சின்ன மானுக்குப் பெட்டையில் 6 குரோமோசோம், ஆணில் 7. பாலூட்டிகளிலேயே இதுதான் மிகக் குறைவு. அதன் சீன உறவுக்கு 46. காட்சிசாலையில் இரண்டும் சேர்ந்து குட்டி பிறந்தது. ஆனால் ஜோடி சேராத குரோமோசோமை வைத்துக்கொண்டு விந்து உருவாக முடியவில்லை.

ரப்பர் பால்:
குலசேகரத்தில் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. மான் பண்ணை போட லோன் கிடைக்குமா?

ஊசிக்கார அண்ணாச்சி:
1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது மக்கா. லோன் கிடைக்காது, கேஸ்தான் கிடைக்கும்.

தக்கலை ஜெகன்:
அப்போ சொந்தத்துக்குள் சேர்வதில் தப்பே இல்லை என்கிறீர்களா இரண்டு பேரும்?

நாகர்கோவில் நந்தினி:
நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் ரம் என்று ஒரு தீவு. அங்கே செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கிறார்கள். நெருங்கிய உறவில் பிறந்த குட்டி எடை குறைவாகப் பிறக்கிறது, சிறு வயதில் அதிகம் சாகிறது, பிழைத்தாலும் வாழ்நாளில் பெறும் குட்டி குறைவு.

ஊசிக்கார அண்ணாச்சி:
அப்போ பெர் டேவிட் மானுக்கு என்ன சொல்வாய் மகளே? சீனாவில் அது அடியோடு அழிந்துபோனது. இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் தோட்டத்தில் சேர்த்து வைத்த 18தான் மிச்சம். அவை சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்துதான் பெருகின. 1985இல் சீனாவுக்கே திரும்பிப் போய், இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

நாகர்கோவில் நந்தினி:
பிழைத்த கூட்டம் என்பதால்தானே அது உங்கள் காதுவரை வந்தது அண்ணாச்சி. அதேபோல ஒடுங்கி அற்றுப்போன கூட்டங்களுக்கு யார் பெயர் வைத்துக் கணக்கு எழுதினார்கள்?

அருமனை ராணி:
மானைப் பற்றி எனக்குத் தெரியாது. ஜெகன் தம்பி ஆட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன். உங்கள் கிடாவுக்குக் கொம்பு உண்டா?

எங்கள் வீட்டில் கிடாவும் மோழை, பெட்டையும் மோழை. கொம்பு இல்லாததால் முட்டாது, பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று நானே தேடித் தேடி வாங்கினேன். அதில் பிறந்த ஒரு குட்டி பார்க்கப் பெட்டை மாதிரிதான் இருந்தது. எட்டு மாதத்தில் கிடா மாதிரி நாற்றம் அடித்தது. உதட்டைச் சுருட்டிக்கொண்டு மற்ற பெட்டைகள் மேல் ஏறியது. வாலைத் தூக்கிப் பார்த்தால் கீழே பட்டாணி அளவு ஒரு முண்டு. மூன்று இடத்தில் காட்டினேன். ஒருவர் தாது உப்பு கொடுக்கச் சொன்னார், ஒருவர் ஊசி போட்டு 400 ரூபாய் வாங்கினார். கடைசியில் கறிக்குத்தான் போனது.

நாகர்கோவில் நந்தினி:
ராணி அக்கா சொல்வதுதான் இந்த இழையிலேயே சரியான ஜீன் கேஸ். ஆட்டில் கொம்பு வராமல் தடுக்கிற அதே மாற்றம்தான் கருப்பை, சினைப்பை வளர்ச்சியையும் கெடுக்கிறது. 2001இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் அதை முதல் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஆடு மோழையாக இருக்கும், சினையும் பிடிக்கும். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் பெட்டை பெட்டையாக வளராது. கிடாவோ பெட்டையோ ஏதாவது ஒன்றுக்குக் கொம்பு இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஊசிக்கார அண்ணாச்சி:
நானும் இந்த மாதிரிக் குட்டி நிறையப் பார்த்திருக்கிறேன். கொம்போடு சேர்த்து யோசித்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெகன், முதலில் அந்த மூன்றையும் எடை போடு. குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆச்சு?

தக்கலை ஜெகன்:
ஏழு மாசம் அண்ணாச்சி. திட்டாதீர்கள்.

இப்போதுதான் தொழுவத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். கிடா மோழை. சினை நிற்காத மூன்றில் இரண்டு மோழை, அதில் ஒன்றுக்கு ராணி அக்கா சொன்ன முண்டு இருக்கிறது. மூன்றாவதுக்குக் கொம்பு உண்டு, ஆனால் விலா எலும்பை எண்ணலாம்.

அத்தை மகனும் பதில் போட்டிருக்கிறான். அந்த இளம் மான்கள் சராசரி 72 கிலோ. தகப்பன், மூன்று வருஷம் முன்னால் வாங்கிய வாப்பிட்டிக் கலப்பு.

ஊசிக்கார அண்ணாச்சி:
பார்த்தியா, எடைதான்.

நாகர்கோவில் நந்தினி:
பார்த்தீர்களா, ஜீன்தான்.

அருமனை ராணி:
தம்பி, என்னிடம் இப்போது கொம்புக் கிடா ஒன்று இருக்கிறது. ஒரு மாதம் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம், வரும்போது பலா இலை இரண்டு கட்டு கொண்டுவாருங்கள். இங்கே மழையில் ஒடிக்க முடியவில்லை.