6பிடி இன்ஜின்: கிராங்க் கிரைண்டிங் முடிந்தபின் உதறல். ஃப்ளூயிட் டேம்பர் போட்டால் தீருமா?

சங்ககிரி_டீசல்:
லாரியில் இருப்பது டாடா கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், இன்லைன் பம்ப். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 0.50 மிமீ அண்டர்சைஸ், அதாவது அந்த அளவு விட்டம் குறைத்து, கிரைண்டிங் ஆகி மெயின், பிக் எண்ட் (கான்ராடின் கிராங்க் பக்க முனை) பேரிங் எல்லாம் புதுசு. இரண்டாவது சிலிண்டர் கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருந்ததால் அது மட்டும் பழைய சாமான் கடையில் எடுத்தது. கிளட்ச் செட்டும் புதுசு. இப்போது 1500 ஆர்பிஎம் தாண்டினால் கேபின் உதறுகிறது, ரேஸ் ஏற ஏறக் கூடுகிறது. கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தணிக்கும் முன்பக்க ரப்பர் டேம்பர் பழசு, மேலோட்டமாக வெடிப்பு இருக்கிறது. "சிலிக்கான் ஆயில் டேம்பர் (ஃப்ளூயிட் டேம்பர்) போட்டா நின்னுடும்" என்கிறார்கள். போடலாமா? கிராங்கை மறுபடி இறக்கி பேலன்ஸ் பார்க்கணுமா?

நாசில்_பிட்டர்:
டேம்பருக்குப் பணம் கட்டுவதற்கு முன் செலவில்லாத வேலை சில இருக்கு அண்ணே. நியூட்ரலில் உதறும் ரேஸில் வைத்துக் கிளட்சை மிதியுங்கள். மாறினால் கிளட்ச் டிஸ்க், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். மாறாவிட்டால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடுத்து ஐடிலிங்கில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. கண்ணாடி போட்டு, நட்டில் துணி சுற்றிச் செய்யுங்கள்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும்.

டார்க்ரெஞ்ச்:
டேம்பர் வேறு, பேலன்ஸ் வேறு. வொர்க்‌ஷாப்பில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

ஒவ்வொரு ஃபயரிங்கிலும் கிராங்க் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று ஃபயரிங். அந்தத் தட்டலோ அதன் மடங்கோ கிராங்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் முறுக்கு பல மடங்காகும். உதாரணத்துக்கு, கிராங்க் 200 ஹெர்ட்ஸில் அதிரக்கூடியது என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு தட்டல் என்கிற வரிசை சரியாக 2000 ஆர்பிஎம்மில் வந்து முட்டும். கனமான ஃப்ளைவீல் பின்முனையை அசையவிடாது. முன்முனைதான் அதிகம் ஆடும். டேம்பரை முன்னால் வைப்பது அதனால்தான். கிராங்க் உடைவது பெரும்பாலும் பின்பக்கம், முறுக்கு விசை அதிகம் தாங்கும் இடத்தில்.

இந்த அதிர்வைக் கேபினில் உட்கார்ந்து உணர முடியாது. புல்லி போல்ட் தளர்வது, டைமிங் கியர் கடகடப்பது, கடைசியில் ஜர்னல் ஃபில்லெட்டில் (பேரிங் உட்காரும் பகுதியின் ஓர வளைவில்) சாய்வாக விரிசல் விடுவது, இவைதான் அதன் அடையாளங்கள். உங்கள் உதறல் அந்த ரகம் இல்லை.

ஆனாலும் ரப்பர் டேம்பரைப் பாருங்கள். ஹப்பிலும் வெளி வளையத்திலும் ஒரு குறிக்கோடு இருக்கும். இரண்டும் 1.59 மிமீக்கு மேல் விலகியிருந்தால் வளையம் நழுவிவிட்டது, மாற்றுங்கள். ரப்பர் 3.18 மிமீக்கு மேல் உள்ளே போயிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். மேலோட்டமான வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம்.

ஃப்ளூயிட் டேம்பரில் மூடிய கூட்டுக்குள் ஒரு கனமான வளையம் கெட்டியான சிலிக்கான் திரவத்தில் மிதக்கிறது. ரப்பர் மாதிரி ஒரே அதிர்வெண்ணுக்கு என்று இல்லை, பரவலாகத் தணிக்கும். டீசல் பம்ப்பை ஏற்றிப் பவர் கூட்டிய இன்ஜினுக்கு நல்லது. வளையத்துக்கும் கூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சுத்தியலால் ஒரு தட்டு, சின்ன நசுங்கல், உள் வளையம் பிடித்துக்கொள்ளும். அதன்பின் அது வெறும் பாரம்தான். பழசு வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே திரவம் கெட்டியாகியிருந்தால் வெளியே தெரியாது.

சங்ககிரி_டீசல்:
கிளட்ச் மிதித்தாலும் பெல்ட் கழற்றினாலும் அதே உதறல். ஆறு சிலிண்டரும் வேலை செய்கிறது. டேம்பர் கோடு விலகவில்லை.

லேத்_ஈரோடு:
அப்படியானால் சந்தேகம் அந்தக் கான்ராட் மேல்தான். ரேஸோடு சேர்ந்து கூடுவதும் அதற்குப் பொருந்துகிறது. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வந்து மேலே போனால் அடங்கியிருந்தால் இன்ஜின் மவுண்டிங் என்று சொல்லியிருப்பேன்.

கணக்கு பாருங்கள். ஸ்ட்ரோக் 120 மிமீ, ஆக கிராங்க் ஆரம் 60 மிமீ. ராட் 60 கிராம் கூடுதல் என்று வைத்தால் 1500இல் சுமார் 9 கிலோ விசை, 2500இல் 25 கிலோ. வேகத்தின் இருமடி. கிரைண்டிங்கில் எல்லா ஜர்னலிலும் சமமாகத்தான் உலோகம் போகிறது. அதனால் பேலன்ஸ் பெரிதாகக் கெடாது. ஜர்னலில் வெல்டிங் ஏற்றியிருந்தால் கதை வேறு.

ஹெட்டைக் கழற்றி, சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கி அந்த ராடையும் பக்கத்து ராடு ஒன்றையும் எடுத்து எடை போடுங்கள். மொத்த எடை மட்டும் போதாது. சின்ன முனையைத் தொங்கவிட்டு, ராட் கிடைமட்டமாக இருக்கும்படி பிக் எண்டைத் தராசில் வைத்துத் தனியாக எடுக்க வேண்டும். 5 கிராமுக்குள் வந்தால் லாரிக்குப் போதும். வித்தியாசம் அதிகமென்றால் சரியான ராடையே வாங்குங்கள். தண்டுப் பகுதியில் கிரைண்டர் வைக்காதீர்கள், அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

ராட் எடை சரியாக இருந்தால் மட்டும் கிராங்கை இறக்குங்கள். இன்லைன் ஆறு சிலிண்டருக்கு வி8 மாதிரி பாப் வெயிட் (பேலன்ஸ் பார்க்கும்போது ராட், பிஸ்டனுக்குப் பதிலாக மாட்டும் எடை) தேவையில்லை. முதலில் கிராங்க் தனியாக, பிறகு ஃப்ளைவீல், பிறகு பிரஷர் பிளேட் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கிளட்ச் மிதித்தாலும் பிரஷர் பிளேட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆக அந்தச் சோதனையில் அது தப்பியிருக்கலாம். கனத்தைக் குறைக்க 12 மிமீ டிரில்லில் 10 மிமீ ஆழம் போட்டால் கிட்டத்தட்ட 9 கிராம் போகும்.

பின்னாளில் ஃப்ளூயிட் டேம்பர் வாங்கினால் அதைப் பேலன்சிங் மெஷினில் மாட்டக் கூடாது. உள்வளையம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும், ரீடிங் மாறிக்கொண்டே இருக்கும். மாட்டும்போது நாலு போல்ட்டையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, 125 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள்.